பாயைச் சுருட்டியதும் பிள்ளை எங்கே போகும்? வீடற்றோருக்கான சேவைகள்: ஓர் எளிய விளக்கம்

சென்னை வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இரவில் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் சில குடும்பங்களுக்கு வீடு திறக்கும். மூடிய கடைப் படிக்கட்டில் பாய் விரியும். பகலெல்லாம் மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்திருந்த பாத்திரமும் துணியும் பிரியும். விடிவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி சுருட்டிவிட வேண்டும், கடைக்காரர் வந்துவிடுவார். இவர்களில் பலர் நேற்று வந்தவர்கள் இல்லை. பாட்டி வளர்ந்த அதே நடைபாதையில் பேத்தியும் வளர்கிறாள்.

இப்படி ஒரு அம்மாவிடம் ஊழியர் ஒருவர் வந்து, "காப்பகத்துக்கு வாங்கம்மா, ஃபேன் இருக்கு, பாத்ரூம் இருக்கு, காசு எதுவும் வேண்டாம்" என்று கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வரமாட்டேன் என்கிறார். பார்க்கிறவர்களுக்குக் கோபம்கூட வரலாம், நல்லது சொன்னால் கேட்பதில்லையே என்று. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். பெரிய பையனுக்குப் பதிமூன்று வயது, பெண்கள் காப்பகத்தில் அவனைச் சேர்க்க மாட்டார்கள். வீட்டுக்காரர் ஆண்கள் காப்பகத்துக்குப் போக வேண்டும், அது வேறு ஏரியா. விடியற்காலை மூன்று மணிக்குப் பூ வாங்கக் கோயம்பேடு கிளம்பும்போது கைக்குழந்தையை யாரிடம் விடுவது? பிளாட்பாரத்தில் என்றால் பக்கத்துப் பாய் அக்கா பார்த்துக்கொள்வார்.

காப்பகம், வீடு, குழந்தைப் பராமரிப்பு என்று அரசு மூன்று துறைகளில் பிரித்து வைத்திருப்பது அந்த அம்மாவுக்கு ஒரே கேள்வி. அந்த மூன்றும் எப்படி இயங்குகின்றன, எங்கே ஒன்றோடொன்று சேராமல் போகின்றன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

யார் வீடற்றவர்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு வரையறை உண்டு. கட்டடம் எதிலும் வசிக்காமல் சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்கள், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் போன்ற இடங்களில் திறந்தவெளியில் இருப்பவர்கள் வீடற்றவர்கள். 2011 கணக்கெடுப்பில் இவர்களை மட்டும் பிப்ரவரி 28 இரவில் தனியாகப் போய் எண்ணினார்கள். இந்தியா முழுக்க ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். கிராமங்களில் எண்ணிக்கை குறைந்திருந்தது. நகரங்களில் 2001-இல் 7.78 லட்சமாக இருந்தது 9.38 லட்சமாகக் கூடியிருந்தது. ஒரே இரவில் எண்ணும்போது வேலைக்குப் போனவர், போலீஸ் விரட்டியதால் இடம் மாறியவர், மழைக்கு ஒதுங்கியவர் எல்லாம் விட்டுப்போவார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

குடிசைப் பகுதியில் இருப்பவரையும் வீடற்றவரையும் ஒன்றாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நடைமுறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குடிசையில் இருப்பவருக்குத் தகரமோ ஓலையோ ஏதோ ஒரு சுவர் உண்டு. பல இடங்களில் மின் இணைப்பும் கதவு எண்ணும் உண்டு. அதை வைத்து ரேஷன் கார்டு வாங்கலாம், மறுகுடியேற்றப் பட்டியலில் பேர் வரும். நடைபாதைக் குடும்பத்துக்கு அந்தக் கதவு எண் கிடையாது. அதனால் ஏழைகளுக்கென்று வரும் பல திட்டங்கள் அவர்கள் கண்ணெதிரே அடுத்த தெருவுக்குப் போய்விடுகின்றன.

காப்பகம் எப்படி வந்தது?

நடைபாதையில் இருப்பவருக்கும் அரசியலமைப்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது 1985-இல். பம்பாய் நடைபாதைவாசிகளை 1981-இல் அப்புறப்படுத்த முயன்றபோது பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் மற்றவர்களும் தொடுத்த வழக்கு அது. உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது தீர்ப்பு. ஆனால் முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஏழைகள் படுக்கிறார்கள், அவர்களை அங்கிருந்து நகர்த்தினால் வேலையும் போய்விடும் என்ற உண்மையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நாற்பது வருடம் கழித்தும் திட்டம் போடுகிறவர்கள் மறக்கும் விஷயம் இதுதான்.

காப்பகங்களுக்கு நேரடிக் காரணமானது டெல்லிக் குளிர். 2009 டிசம்பரில் பூசா சாலையில் இருந்த தற்காலிகக் காப்பகம் ஒன்றை டெல்லி மாநகராட்சி கலைத்தது. உணவுரிமை வழக்கில் நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் என்.சி.சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் 2010 ஜனவரியில் அதை நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். உத்தரவு உடனே வந்தது, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் விரிந்தது. பெருநகரங்களில் 1 லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம் ஒன்று வேண்டும், அது 24 மணி நேரமும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பது சாரம். விரிந்த சென்னை மாநகராட்சிப் பரப்பில் 2011-இல் ஏறத்தாழ 67 லட்சம் பேர் இருந்தார்கள். அந்தக் கணக்குப்படி 67 காப்பகங்கள்.

'24 மணி நேரமும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'இரவுக் காப்பகம்' என்ற பழைய பெயரே பலர் வாயில் இன்னும் இருக்கிறது. இரவு மட்டும் படுத்துவிட்டுக் காலையில் மூட்டையோடு வெளியே வர வேண்டும் என்றால் கைக்குழந்தைக்காரிக்கும் காய்ச்சலில் கிடப்பவருக்கும் அதனால் பெரிய பயன் இல்லை.

2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 'நகர்ப்புற வீடற்றோர் காப்பகம்' என்ற திட்டம் வந்தது. அதன் வழிகாட்டு நெறிகள் உண்மையில் நன்றாகவே எழுதப்பட்டவை. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும். அது ஒரு கட்டிலும் பக்கத்தில் நடக்கக் கொஞ்சம் இடமும். தண்ணீர், கழிவறை, குளியலறை, சமைக்க இடம், கேஸ் இணைப்பு, சாமான் பூட்டி வைக்க லாக்கர், முதலுதவி எல்லாம் பட்டியலில் உண்டு. ஆண்களுக்கு, பெண்களுக்கு, குடும்பங்களுக்கு, முதியோருக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு என்று தனித்தனி வகைகளும் உண்டு. ரயில் நிலையம், பஸ் நிலையம், மார்க்கெட் போன்ற இடங்களுக்குப் பக்கத்திலேயே கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது.

சென்னையில் மாநகராட்சி கட்டடம் கொடுக்கும், தொண்டு நிறுவனங்கள் நடத்தும். அரசு மருத்துவமனைகளுக்கு நோயாளியோடு வருகிறவர்கள் தங்குவதற்கென்றே தனிக் காப்பகங்களும் இருக்கின்றன. குறைவாக இருப்பவை குடும்பக் காப்பகங்கள். அப்பா, அம்மா, வளர்ந்த பையன், பெண் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தடுப்பாவது வேண்டும். ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில் போடுவது சுலபம், செலவும் குறைவு. அதனால் காப்பகம் என்றாலே ஆண்கள் கூடம், பெண்கள் கூடம் என்றாகிவிடுகிறது, குடும்பமோ நடைபாதையிலேயே இருந்துவிடுகிறது.

பகலில் பிள்ளையை யார் பார்ப்பது?

காப்பகத் திட்டத்தின் அந்த வழிகாட்டு நெறிகளில் குழந்தைப் பராமரிப்பு பற்றி இருப்பது, காப்பகத்தில் உள்ள குழந்தைகளைப் பக்கத்து அங்கன்வாடியோடு இணைக்க வேண்டும் என்ற ஒரு வரி. சரியான வரிதான். ஆனால் அந்த அம்மாவின் நாளை அதோடு வைத்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

அங்கன்வாடி என்பது நாம் வாய்வழக்கில் பால்வாடி என்று சொல்வதுதான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஆறு வயது வரையிலான குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மையத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டு விளையாடும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் சத்துமாவு பாக்கெட் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆக, கைக்குழந்தை பகலில் தங்க அங்கே இடமில்லை. மையத்தின் நேரமோ காலை வெயில் ஏறிய பிறகு தொடங்கி மாலை நான்கு மணிக்குள் முடிந்துவிடும். பூ வாங்குவது, மார்க்கெட்டில் சுமை தூக்குவது, குப்பையில் பிளாஸ்டிக் பொறுக்குவது, வீட்டுவேலை என எதை எடுத்தாலும் அதற்கு வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பும் ஏற்பாடுதான் பகலில் கைக்குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் மையம், அதாவது கிரெச். இந்தியாவில் இந்த யோசனைக்கு நல்ல முன்னோடி ஒன்று உண்டு. 1969-இல் டெல்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டட வேலை நடந்தபோது, மண் குவியலுக்கு நடுவே கிடந்த கூலியாட்களின் குழந்தைகளைப் பார்த்து மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் தொடங்கியது 'மொபைல் கிரெச்சஸ்'. அம்மா வேலை செய்யும் இடத்துக்கே பராமரிப்பு போக வேண்டும், வேலை முடிந்தால் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 1996-இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமும் 50-க்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்றது. ஆனால் பூக்கட்டும் பெண்ணுக்கும் குப்பை பொறுக்கும் பெண்ணுக்கும் முதலாளியே கிடையாது. யாரிடம் போய் அந்த அறையைக் கேட்பார்?

அவர்களுக்கும் பொருந்தக்கூடியது 2022-இல் மத்திய அரசின் 'மிஷன் சக்தி'யின் கீழ் வந்த 'பால்னா' திட்டம். ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை, அங்கன்வாடியோடு சேர்ந்தே நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் கிரெச். அம்மா எங்கே வேலை செய்கிறார் என்பது தடையில்லை. இப்படி ஒரு மையம் ஒவ்வொரு குடும்பக் காப்பகத்துக்குப் பக்கத்திலும் இருந்தால் பாதிக் கணக்கு தீர்ந்துவிடும். மீதிப் பாதி விடியற்காலை. என்னைக் கேட்டால், மூன்று மணியிலிருந்து ஒன்பது மணி வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள காப்பகத்திலேயே ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து வைக்கலாம். அங்கே தங்கியிருக்கும் பாட்டிகளில் ஒருவரே அந்த வேலைக்குப் பொருத்தமானவராக இருப்பார். ஆகிற செலவு ஒரு ஆள் சம்பளம்தான். அந்த ஒரு சம்பளம் இல்லாததால் கட்டில் காலியாகவும் நடைபாதை நிறைந்தும் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிள்ளை பெரியதானால் பள்ளிக்கூடம். இங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2009 கல்வியுரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்று எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்க முடியாது. இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளையைக்கூட அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக் கூடுதல் பயிற்சி கொடுக்க வேண்டும். மதியம் சத்துணவு உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன காலை உணவுத் திட்டம், அடுப்பு பற்றவைக்க இடமில்லாத அம்மாவுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம்

இந்தப் பயத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. அடையாள அட்டை மாட்டிக்கொண்டு யாராவது வந்தாலே பல அம்மாக்கள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள்.

2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் வீடில்லாத குழந்தை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்ற வகைக்குள் வரும். மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழு அப்படிப்பட்ட குழந்தையைப் பற்றி முடிவெடுக்கலாம். ஆக அம்மாவின் பயம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் அதே சட்டம் தன் அடிப்படைக் கொள்கைகளில், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்கிறது. குடும்பத்தோடு இருக்கும் குழந்தைக்குப் பண உதவியும் உண்டு. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை கிடைக்கும். கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட பெண்களின் பிள்ளைகளும் வீடற்ற பிள்ளைகளும் அந்தத் தகுதிப் பட்டியலில் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பிள்ளையைப் பிரிக்கச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாலே பிள்ளை அம்மாவோடு இருக்கும் என்பது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. இதைப் பற்றித் தெரிந்த நடைபாதை அம்மாக்கள் மிகச் சிலர்தான்.

விலாசம்

எந்த உதவியையும் கேட்டுப் போனால் முதல் கேள்வி விலாசம். இதற்கும் வழிகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் அறிவிப்புப் பலகையில் இருப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் சான்று கொடுத்தால் அதை வைத்து ஆதார் எடுக்கலாம். ஆதார் வந்துவிட்டால் வங்கிக் கணக்குத் திறக்கலாம், முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம். காப்பகத்தில் சில மாதம் தங்குவதால் கிடைக்கும் மிகப் பெரிய பலன் சில சமயம் இந்த ஒரு தாள்தான்.

வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான வழி இன்னும் அழகானது. வீடில்லாதவர் விலாசச் சான்று எதுவும் கொடுக்க வேண்டாம். விண்ணப்பத்தில் எந்த இடத்தைச் சொல்லியிருக்கிறாரோ அங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய், அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

காப்பகத்திலிருந்து வீட்டுக்கு

காப்பகம் என்பது பஸ் ஸ்டாப் மாதிரி, அங்கேயே குடியிருக்க முடியாது. அடுத்து வாடகை வீடு. சென்னையில் பல இடங்களில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. 5,000 ரூபாய் வாடகைக்கு ஒரு அறை கிடைத்தாலும் கையில் 50,000 வேண்டும். தினக்கூலியில் மாத வாடகையைக்கூட ஒருவர் சமாளித்துவிடலாம், இந்த மொத்தத் தொகையை வட்டிக்கு வாங்காமல் புரட்ட முடியாது. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. வேறு உடன்பாடு எழுதிக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. முன்பணத்துக்கு மட்டும் அரசோ அறக்கட்டளையோ கடன் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்கள் தாங்களாகவே நடைபாதையை விட்டு எழுந்துவிடும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொரு வழி அரசு கட்டும் குடியிருப்பு. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வரிசையாகக் கட்டியது. சுவரும் கூரையும் கதவும் நிச்சயம் கிடைக்கின்றன, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாக்கம் பாரிமுனையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். விடியற்காலை வேலைக்கு அங்கிருந்து எப்படி வருவது? வந்தால் பிள்ளைகளை அடுக்குமாடியில் யார் பார்ப்பார்கள்? பக்கத்துப் பாய் அக்காவுக்கு வேறு பிளாக்கில், வேறு மாடியில் வீடு ஒதுக்கியிருப்பார்கள். கூரை கிடைத்த பிறகும் சிலர் பழைய நடைபாதைக்கே திரும்பி வருவது இதனால்தான். வீடு ஒதுக்கும்போது ஒன்றாக இருந்த குடும்பங்களை அருகருகே வைப்பதும், குடியேறும் அன்றே அங்கன்வாடியும் கிரெச்சும் திறந்திருப்பதும் சிமெண்ட், செங்கல் அளவுக்கே முக்கியம்.

'திருந்தினால், குடியை விட்டால், வேலை தேடிக்கொண்டால் வீடு' என்று படிப்படியாக ஏற்றிவிடும் பழைய முறைக்கு மாற்றாக, முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு மற்ற உதவிகளை அங்கே கொண்டுபோவது என்ற முறை நியூயார்க்கில் 1990-களில் தொடங்கியது. பின்லாந்து 2008-லிருந்து அதைத் தேசியக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டு விடுதிகளைச் சிறு வீடுகளாக மாற்றியது. நம் ஊரிலும் அதற்கு நெருக்கமான ஒன்று நடக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்', தெருவில் மனநலம் குன்றித் திரிந்த பெண்களைச் சிகிச்சைக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்காமல், சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து நான்கைந்து பேராகக் குடிவைத்து, உதவிக்கு ஆளும் வைக்கிறது. அவர்கள் கடைக்குப் போகிறார்கள், கோலம் போடுகிறார்கள், அக்கம்பக்கத்தோடு பேசுகிறார்கள்.

வீட்டை இழக்காமல் தடுப்பதும் இதில் சேரும். கணவன் அடித்து இரவில் வெளியே தள்ளிய பெண், வீடு அவன் பேரில் இருப்பதால் தனக்கு உரிமையில்லை என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பஸ் நிலையத்துக்கு வந்துவிடுகிறார். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி வீடு யார் பேரில் இருந்தாலும் கூட்டாக வாழ்ந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அன்றிரவு தங்க 181 எண்ணில் அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள்.

குழந்தைகளுக்கு 1098. நடைபாதையில் ஒரு அம்மாவும் பிள்ளைகளும் கஷ்டப்படுவதைப் பார்த்து நீங்கள் அழைக்கப்போனால், முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எங்கே வேலைக்குப் போகிறார், எத்தனை மணிக்குப் போகிறார், வீட்டில் யார் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் சம்மதத்தோடு போனில் சொல்லும்போது, "அம்மாவும் பிள்ளைகளும் ஒன்றாக இருக்கிறார்கள், ஒன்றாகவே தங்க இடம் வேண்டும், அம்மா விடியற்காலை வேலைக்குப் போகிறவர், சின்னதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.